மலை தொப்பி போட்டால்...

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஏலகிரி மலை தெரியும். நான் வாணியம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 22 வருஷம் ஆகிறது. வந்த முதல் கோடையிலேயே மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அந்த மலையைப் பற்றியதுதான்.

"மாடியிலே வடாம் காயறப்போ ஒரு கண்ணு மலை மேலே இருக்கணும். மலை தொப்பி போட்டுக்கிச்சுன்னா அப்புறம் நிக்கக் கூடாது. வடாம், துணி, மிளகாய் எல்லாத்தையும் வாரிக்கிட்டு இறங்கிடணும்."

தொப்பி என்றால் மேகம். அவர் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும். மலை உச்சியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பொதி உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் புழுதிக் காற்று, பிறகு சடசடவென்று மழை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தட்டு வடாம்கூட நனைய விட்டவள் இல்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், சென்ற புரட்டாசி வரை.

குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது ஏலகிரிக்குப் போயிருக்கிறேன். புங்கனூர் ஏரியில் படகு விட்டோம், திரும்பினோம். ஆனால் மலையின் உச்சியான சுவாமிமலைக்குப் போனதில்லை. மங்கலம் என்ற ஊரிலிருந்து காட்டு வழியாக நடந்துதான் ஏற வேண்டும். மாடியில் நிற்கும்போதெல்லாம் அங்கே ஒரு நாள் நிற்க மாட்டோமா என்று இருக்கும். அந்த ஆசையை வெளியில் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம்.

வேலூரில் நர்ஸிங் படிக்கும் என் மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "அம்மா, உன்னைச் சுவாமிமலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்." இவர் உடனே குரங்கணியைச் சொன்னார். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்களே, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அவர்களில் பெண்கள் பலராயிற்றே என்றார். அதற்கு மகள், 2023-ல் எவரெஸ்ட் ஏறிய விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியைச் சொன்னாள். அவரும் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய்தானே என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஆசை தெரிந்துவிடுமே!

கடைசியில், மலையூர்ப் பையன் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. நானும் மகளும், குடியாத்தத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் நாத்தனாரும், எதிர்வீட்டுப் பாயம்மாவும். பாயம்மாவுக்கு வயது 56. "எனக்கும் அந்த மலையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு" என்று அவர் சொன்னபோது, இந்த ஆசை எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

மகள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மழைக் கோட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய உலர்ந்த மாற்றுத் துணி, டார்ச் லைட், விசில், உப்புச் சர்க்கரைப் பொட்டலம். நான் சீட்டை மடித்துப் பால் கணக்கு நோட்டில் வைத்துவிட்டு, புளியோதரைக்கு வறுக்க ஆரம்பித்தேன். என் பையில் ஏறியவை: புளியோதரை, தயிர்சாதம், வடகம், மோர்மிளகாய், எவர்சில்வர் தட்டு 4, ஒரு பிளாஸ்க் நிறையச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. மாற்றுத் துணி? வாணியம்பாடி வெயிலில் மாற்றுத் துணி எதற்கு என்று விட்டுவிட்டேன். பாயம்மா ஒரு கம்பளிச் சால்வையைப் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்து வந்தார். நாங்கள் சிரித்தோம்.

இவர் தோல் பேக்டரியில் பினிஷிங் பிரிவில் இருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் எதற்கும் தோல் சாஸ்திரம் ஒன்று உண்டு. "புது ஷூ போட்டுக்கிட்டு மலை ஏறாதே. பழகின ஷூ போதும். நனைஞ்சா அடுப்புப் பக்கத்திலே வைக்காதே. தோல் விறைச்சு வெடிச்சிடும். உள்ளே பேப்பரைத் திணிச்சு நிழல்லே காய வை." அதோடு ஒரு பெரிய பாலிதீன் ஷீட்டையும் மடித்துக் கொடுத்தார். அதை மகள்தான் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நடந்ததைக் கேளுங்கள். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. விட்டுவிட்டுப் போக முடியுமா? பிடித்தேன். இவருக்கு மதியச் சாப்பாடு கட்டினேன். பால்காரர் வந்தார். நாத்தனாருக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம். குளித்து, பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றி, நாமம் சொல்லி முடிக்க நேரமாயிற்று. அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். எங்கள் வேன் தெருவை விட்டுக் கிளம்பியபோது மணி எட்டேகால்.

மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். "மயிலுக்குப் போர்வை கொடுத்தாரே பேகன், அவர் வளைவு வந்தா சொல்லுங்க, பாயம்மா சால்வையைக் கொடுத்துடலாம்" என்று நாத்தனார் கேலி செய்தாள். பாயம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

மங்கலத்தில் வழிகாட்டிப் பையன் ஏழு மணியிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. "லேட்டு ஆயிடுச்சேம்மா. இந்த மாசத்துலே மதியத்துக்கு மேலே வானத்தை நம்ப முடியாது. மேகம் கட்டினா நான் சொல்ற இடத்துலே திரும்பிடணும், சரியா?" என்றார். "சரி தம்பி, சரி" என்று தலையாட்டினேன்.

அவர் சொன்னதன் காரணத்தை மகள் நடக்கும்போதே விளக்கினாள். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. நம் பக்கத்துக்கு அந்த மாதங்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் வெப்பத்தால் உண்டாகும் இடி மழைதான். காலை வெயிலில் தரை சூடாகி, ஈரக் காற்று மேலே கிளம்பி, மதியத்துக்குமேல் மேகமாகத் திரண்டு, மாலையிலோ இரவிலோ கொட்டும். மலைச் சரிவில் காற்று சீக்கிரமே மேலேறுவதால் மேகம் அங்கேதான் முதலில் கட்டும். மாமியார் சொன்ன தொப்பிக்கு இதுதான் விளக்கம்! அதனால்தான் மலை ஏறுகிறவர்கள் விடியலில் ஏறி, உச்சி வேளைக்குள் இறங்கத் தொடங்குகிறார்கள். மலைக்கு ஒரு மணிக்கணக்கு இருக்கிறது; நமக்கோ குழாய்த் தண்ணீர்க் கணக்கு!

ஏற்றம் சுலபமாக இல்லை. அரை மணியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. ஐம்பதடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். நாத்தனார் சின்னவள், ஒல்லி, முன்னால் போனாள். ஆனால் முகம் வெளுத்திருந்தது. ஏதாவது வாயில் போடேன் என்றால் "விரதம் அண்ணி" என்றாள். பாயம்மா ஆடாமல் அசையாமல் ஒரே சீராக நடந்தார். அவர்தான் எங்களில் நன்றாக நடந்தவர். எனக்கு உடம்பெல்லாம் வேர்வை. ஆனாலும் மனசு பறந்தது. மரங்களின் இடைவெளியில் கீழே சமவெளி தெரியத் தெரிய, அங்கே எங்கேயோ என் மாடி இருக்கிறது, காலி வடாம் கொடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி இருக்கும். வழிகாட்டி நின்றார். வெயில் மங்கியிருந்தது. பறவைச் சத்தம் இல்லை. மேலே பார்த்தார்.

"அம்மா, மேகம் இறங்குது. திரும்பிடலாம்."

"இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?"

"இருபது நிமிஷம். ஆனா வேணாம்மா."

இருபது நிமிஷம்! 22 வருஷம் பார்த்த இடம். இனி என்றைக்கு வரப்போகிறேன்? யார் கூட்டி வருவார்கள்? மகளும் "திரும்பிடலாம்மா" என்றாள். பாயம்மா பேசாமல் இருந்தார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதா? பணம் கொடுத்துத்தானே வந்திருக்கோம்?" என்றேன். என் மகன் வயதுப் பையனிடம் பணப் பேச்சை எடுத்தேன். எழுதும்போதே கூசுகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார்.

பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. முதலில் ஒரு சில்லென்ற காற்று. அடுத்த நிமிஷம் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மின்னல். மகள் எண்ணினாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஆறில் இடித்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்காம். அப்படியானால் 2 கிலோமீட்டர் தூரம்தான். நான் தனியாக நின்ற ஒரு பெரிய மரத்தடிக்கு ஓடினேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுத்தார். "ஒத்தை மரத்துக்கிட்டே போகாதீங்கம்மா!" மேட்டிலிருந்து எங்களைக் கீழே இறக்கி, ஒரே உயரத்துக்குப் புதர்கள் அடர்ந்த பள்ளமான இடத்தில், ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளிக் குந்த வைத்தார். எவர்சில்வர் தட்டும் கேரியரும் இருந்த என் பை அங்கேயே கிடந்தது. முக்கால் மணி நேரம் மழை அறைந்தது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, நாத்தனாரின் குழந்தைகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடி தூரப் போனதும் இறங்கத் தொடங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. காற்று நிற்கவில்லை. நாத்தனார் கட்டியிருந்தது கஞ்சி போட்ட காட்டன் புடவை. அது தண்ணீரை உறிஞ்சி உடம்போடு ஒட்டியிருந்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணும் இல்லே அண்ணி" என்றாள். அந்த வார்த்தை குழறி வந்தது. நழுவிய முந்தானையை எடுத்துச் செருக முயன்றாள்; விரல் பிடிக்கவில்லை. சமமான தரையில் தடுக்கினாள். எனக்குக் களைப்பு என்றுதான் பட்டது. மகள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"அம்மா, அத்தைக்கு உடம்புச் சூடு இறங்குது. நிறுத்துங்க எல்லாரும்."

சகோதரிகளே, பனி மலையில்தான் மனிதர்கள் குளிரில் விறைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம் உடம்பின் உள்சூடு 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்மேல் மழை, காற்று, நனைந்த துணி. நனைந்த துணி உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துவிடுகிறது. இவற்றோடு வெறும் வயிறும் சேர்ந்தால், எரிக்க விறகு இல்லாத அடுப்பு மாதிரிதான். நடுக்கம், பேச்சுக் குழறல், விரல் தடுமாற்றம், கால் தடுக்கல் எல்லாம் வரிசையாக வந்திருந்தன. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

நான் தைலப் பாட்டிலை எடுத்து அவள் உள்ளங்கை, உள்ளங்காலை அரக்கித் தேய்க்கப் போனேன். நம் வீடுகளில் அதுதானே முதல் வைத்தியம்? மகள் தடுத்தாள். "தேய்க்காதேம்மா. கைகால்லே இருக்கிற குளிர்ந்த ரத்தம் ஒரேயடியா நெஞ்சுக்குப் போனா, இதயத் துடிப்பு தப்பிப் போயிடும். நடு உடம்பைத்தான் முதல்லே சூடாக்கணும்."

வழிகாட்டி அப்பாவின் பாலிதீன் ஷீட்டைக் காற்றுக்கு எதிரே கட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். நாங்கள் நாத்தனாரின் ஈரத் துணியைக் களைந்தோம். மகள் தன் மாற்றுச் சுடிதாரைப் போட்டுவிட்டாள். அதன்மேல் பாயம்மாவின் கம்பளிச் சால்வை! தலையையும் சேர்த்துச் சுற்றினோம். தரைக் குளிர் ஏறாமல் அடியில் பைகளைப் பரப்பி உட்கார வைத்தோம். பாயம்மா அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். என் பிளாஸ்க் டீ இன்னும் சூடாக இருந்தது. நான் தூக்கி வந்த மூட்டையில் உருப்படியான சாமான் அது ஒன்றுதான்.

டம்ளரைப் பார்த்ததும் நாத்தனார் தலையைத் திருப்பினாள். "வி... விரதம்..."

பாயம்மா விடவில்லை. "உன் பெருமாள்கிட்டே நான் பேசிக்கறேன், நீ வாயைத் திற" என்று வாய்க்கு வாய் ஊட்டினார். பிறகு தன் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நடுக்கம் ஜாஸ்தியாயிற்று. நான் அழ ஆரம்பித்தேன். "நடுங்கட்டும்மா, நல்லது. உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். சூடு ஏறாம நடுக்கம் மட்டும் நின்னாத்தான் பயப்படணும்" என்றாள் மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்த பெண் இவள். முக்கால் மணி கழித்து நாத்தனார் தெளிவாக, "அண்ணி, புளியோதரையை எங்கே விட்டீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இறங்கும் வழியில் காலையில் சருகு மட்டும் கிடந்த ஒரு பள்ளத்தில் செம்மண் நீர் ஓடியது. முழங்கால் அளவுதான், தாண்டிவிடலாம் போலிருந்தது. வழிகாட்டி உட்காரச் சொன்னார். இந்தத் தரம் நான் வாய் திறக்கவில்லை. மேலே எங்கேயோ பெய்த மழை கீழே வந்து அடிக்கும் என்பது எங்கள் ஊருக்குத் தெரியாத சங்கதியா? 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியையே வாரிக்கொண்டு போனது. அதன் நினைவுத் தூண் எங்கள் ஊரில் இன்னமும் நிற்கிறது. அரை மணியில் தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்தது. கை கோத்துக்கொண்டு தாண்டினோம்.

மங்கலத்துக்கு வந்தபோது மணி ஆறு. யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் அடுப்பங்கரையில் உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தார்கள். வழிகாட்டியும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். நான் பக்கத்தில் போய், "தம்பி, தப்பு என்மேலேதான். பணத்தைப் பத்திப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர் சங்கோஜத்தோடு பேச்சை மாற்றினார். "கீழே உங்க ஊர்லேருந்து பார்த்தா எங்க மலை எப்படிம்மா தெரியும்?"

நான் தொப்பிக் கதையைச் சொன்னேன். மாமியார் சொன்னது, வடாம் எடுப்பது எல்லாம்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சுமாம்மா மேலே ஏறணும்னீங்க?"

என்ன பதில் சொல்ல? வடாமுக்காக 22 வருஷம் பார்த்த மேகத்தை, நாலு உயிருக்காகப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேசாமல் எங்கள் ஷூக்களை எடுத்துப் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டிருந்தார். நாத்தனார்தான் மறுநாளே போனில் ஊரெல்லாம் சொன்னாள். அவள் கதையில் சிறுத்தை ஒன்றும் வந்து போகிறது.

ஒரு நாள் மகள் எவரெஸ்ட் சமாசாரம் ஒன்று சொன்னாள். அங்கே ஏறுகிறவர்கள் திரும்பும் நேரம் என்று ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்வார்களாம். மதியம் 2 மணி என்று வைத்தால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். 1996 மே மாதம் பலர் அந்த நேரத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனார்கள். மாலையில் புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். நேரத்தைக் கீழே இருக்கும்போதே, புத்தி தெளிவாக இருக்கும்போதே குறிப்பதுதான் அதில் சூட்சுமமாம். மேலே போனபின் ஆசைதான் பேசும். எனக்குத் தெரியாதா என்ன!

வருகிற ஜனவரியில் மறுபடி போகிறோம். மழைக் காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும் மாதம் என்று அந்த வழிகாட்டிதான் சொன்னார். அதே நாலு பேர். நாத்தனார் விரதம் இல்லாத நாளாகப் பார்த்திருக்கிறாள். காட்டன் புடவை கிடையாது. சீக்கிரம் உலரும் துணியில் சுடிதார், எனக்கும்தான். இந்த வயதில் சுடிதாரா என்று கேட்ட ஓரகத்திக்குப் பாயம்மா பதில் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு கம்பளி, பிளாஸ்டிக் கவரில். சமையல் கிடையாது, சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், டீ. திரும்பும் நேரம் பதினொன்றரை என்று காலண்டரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கிளம்ப வேண்டியது காலை நாலரைக்கு. அதுதான் பெரிய பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு இவரே வந்து, "அன்னிக்குத் தண்ணி நான் பிடிச்சுடறேன்" என்றார். பிறகு பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி சொல்லு. சாதத்துக்கு எத்தனை விசில்?"